பத்துக்கு எத்தனை

கேஸ் ரசீதின் பின்பக்கம்
கட்டம் போட்டேன்.
கோவை, ஓசூர், பாண்டிச்சேரி, திருச்சி.
எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று
கம்பெனி சொன்ன நாளிலிருந்து
இங்கே இருப்புக் கொள்ளவில்லை எங்களுக்கு.

தண்ணீர், பத்துக்கு எத்தனை?
கோவைக்கு ஒன்பது என்றான் நல்லசிவம்.
சிறுவாணியை ஒருமுறை குடித்துவிட்டுப்
பதினாறு வருஷமாய்ப் புகழ்கிறவன்.
நாலு நாளைக்கு ஒருதரம்
நடுராத்திரியில் குழாய் வரும் வீட்டில்
எழுந்து குடம் பிடிக்கிறவள் நான்,
அதனால் வாதாடவில்லை.

வெயில்.
ஒப்பிட்டுப் பார்க்கச் சேலத்தையும் ஓரமாய் எழுதினேன்.
சித்திரையில் இந்த ஊர்
நாலு மலைக்கு நடுவே
மூடி போட்ட இட்லிப் பானை. மூன்று.
சேர்வராயன்மேல் மழை இறங்குவது
மொட்டைமாடியிலிருந்து நன்றாகத் தெரியும்.
துணி எடுக்க ஓடவேண்டாம்,
அது நமக்கு வராது.

"தட்டுவடை செட் இல்லாத ஊருக்கு
மைனஸ் போடலாமா?"
போட்டோம். நாலு ஊருக்கும் போட்டோம்.
எல்லாருக்கும் சமமாய்க் குறைவதைக்
கணக்கில் வைப்பானேன் என்று
பிறகு அந்த வரிசையையே அடித்தோம்.

வாடகை, ஆஸ்பத்திரி, தியேட்டர்,
சாயங்காலம் நடக்கக் கொஞ்சம் நிழல்.
ஓசூருக்குக் குளிரில் எட்டு, லாரியில் இரண்டு.
பாண்டிச்சேரிக் கடலுக்குப் பத்து.
கடலுக்குக் குறைத்துப் போட எனக்குத் தெரியாது.
"உப்புக் காத்துல வண்டி துருப்பிடிச்சிரும்" என்றான்.
பிடிக்கட்டும்.

கடைசி வரிசைக்குத் தலைப்பு எழுதவில்லை.
"இது என்ன?"
அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்காடு கிளம்பினோம்.
எட்டாவது கொண்டை ஊசியில் எனக்குக் குமட்டி
ஓரமாய் நிறுத்தினோம்.
ஒரு குரங்கு வந்து ஹெல்மெட்டைப் புரட்டிப் பார்த்தது,
தேறாதென்று போய்விட்டது.
பின்னால் வந்த காரிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி
பாட்டிலை நீட்டி, முதுகைத் தடவி,
முகமெல்லாம் சிரிப்பாய்க் கேட்டார்:
"எத்தனாவது மாசம்மா?"

"எட்டாவது" என்றேன்.
"வளைவுங்க."

ஒன்பது வருஷத்தில் இதை
விதவிதமாய்க் கேட்டிருக்கிறார்கள்.
விசேஷம் ஏதும் உண்டா,
யாருகிட்ட காட்டுறீங்க,
ராமேஸ்வரம் போய்ட்டு வந்தீங்களா.
தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டவர்
இவர் ஒருத்தர்தான்.
குடித்தேன். நல்ல தண்ணீர்.

கார் போனபின் மேலே ஏறவில்லை நாங்கள்.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
சிவம் ரொம்ப நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஜங்ஷன் பக்கம் முதலில் விளக்கு எரிந்தது,
பிறகு ஐந்து ரோடு.
மேக்னசைட் தோண்டிய திட்டு மட்டும்
இருட்டிய பிறகும் வெள்ளையாய்க் கிடந்தது.
இங்கிருந்து பார்த்தால்
குடிபோகலாம் போலிருந்தது அந்த ஊருக்கு.
யாரும் யாரையும்
எதுவும் கேட்கிற தொலைவில் இல்லை.

அன்றைக்குக் குழாய் முறை.
இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டால்
மேசையில் ரசீது.
தலைப்பில்லாத வரிசையில்
அவன் பேனாவில் மதிப்பெண்.
கோவைக்கு இரண்டு, அவன் அக்கா அங்கே இருக்கிறாள்.
திருச்சிக்கு ஒன்று, என் அண்ணி.
ஓசூருக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பாண்டிச்சேரிக்கு எண் இல்லை.
கட்டத்துக்குள் அடங்காத பொடி எழுத்தில்
'போய் இருந்து பார்த்தால்தான் தெரியும்'.

சேலத்துக்கும் ஏதோ போட்டு
அழுத்தி அடித்திருந்தான்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
படிக்க வரவில்லை.

குழாய் முதலில் காற்றாய்ச் சீறியது,
பின்னாலேயே தண்ணீர்.
முதல் குடம் கலங்கல்.
கீழே ஊற்றிவிட்டு
அடுத்ததை வைத்தேன்.