மாதிரி எண் பதினேழு

ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
கினிகத்தேனை வளைவுகளில்
மூடி இரண்டு தடவை கசிந்தது.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்:
"புள்ளைக்குப் பாலா?"
தலையாட்டி வைத்தேன்.
உயிருள்ளதுதானே, அதுவும்.

பேராதனை, மூன்றாம் மாடி.
அகார்த் தட்டில் கோடிழுத்து
முப்பத்தேழு பாகையில் இரண்டு நாள்.
நடுவில் கரண்ட் போனது.
அடைகாக்கும் பெட்டியின் கதவில்
முதுகைச் சாய்த்து நின்றேன்,
அதனால் பயனில்லை என்று தெரிந்தே.

மூன்றாம் நாள்
தட்டில் வெள்ளைப் புள்ளிகள், பாலாடை மினுக்கத்தோடு.
ஒன்றைத் தொட்டுக் கண்ணாடியில் தேய்த்து
ஒரு துளி பெரொக்சைட் விட்டேன்.
நுரைத்தால் நான் தேடுவது அதுவல்ல.
நுரைக்கவில்லை.
ஒன்றுமே நடக்காததற்கு
இப்படிச் சந்தோசப்படும் உத்தியோகம் வேறேது?

ஊதாச் சாயம், அயடின்,
பிறகு அற்ககோலால் கழுவல்.
நிறம் விடவில்லை.
நுணுக்குக்காட்டியின் கீழே
தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல் குச்சிகள்.

அமிலத்தில் மூன்று மணிநேரம். பித்த உப்பில் நாலு.
மற்றப் பதினாறும் ஓய்ந்துபோயின.
பொகவந்தலாவைத் தயிர் மட்டும்
கலங்கிக் கலங்கிப் பெருகியது.

கொழும்பிலிருந்து பெயர் வந்தது,
லத்தீனில், சாய்வெழுத்தில், இரண்டு சொல்:
முதலில் சாதி, அடுத்து இனம்.
எங்கள் பாடப்புத்தகத் தமிழ் அப்படி.
நுணுக்குக்காட்டிக்குக் கீழே
அந்தச் சொற்களால் யாருக்கும் காயமில்லை.
மைனஸ் எண்பதில் அதற்கு
நிரந்தர இடம், தட்டு இலக்கம், குழி இலக்கம்.

படிவத்தின் அடியில்:
பெறப்பட்ட இடம். வீட்டு இலக்கம். வீதி.

சவரியம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
"இலக்கமெல்லாம் இல்லீங்க மிஸ்.
தோட்ட ஆபீசுக்குப் போட்டா வரும்.
வந்தா வரும்."
பின்னால் மாடு கத்தியது.
"நல்ல கிருமியா, கெட்டதா?"
நல்லது என்றேன்.
"வேறென்ன செய்யும், ராவெல்லாம்
சட்டிக்கு என் ஸ்வெட்டரைச் சுத்தி
அடுப்புச் சாம்பல்ல வச்சேன்.
நான்தான் நடுங்கிக்கிட்டுக் கெடந்தேன்."

எழுதினேன்:
பணிய லயம், கடைசிக் காம்பரா,
அடுப்புக்கு இடப்பக்கம்.
கணினி சிவப்புக் கோடிட்டு
வீதி எங்கே என்றது.
அதையே மறுபடி அடித்தேன்.

போத்தலில் மிஞ்சிய தயிரை
மத்தியானச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டேன்.
ஆய்வுகூட விதி எண் நான்கின்படி
அது குற்றம்.
கொஞ்சம் உப்புக் குறைவு.