தோல்விக்குக் காரணம்

ஒடுகத்தூர் அரிசி ஆலையின் தகரக் கூரைமேல்
தட்டொன்றைப் பிடித்தபடி தப்ரேஸ்.
தட்டு என்றால் தட்டுதான், உவமை வேண்டாம்.
இரண்டு டிகிரி பிசகினால் மலை விழுங்கிவிடும்.

இந்தப் பக்கம் நான்,
புங்கங்கொல்லை ரேஷன் கடை வாசலில்.
நடுவே ஜவ்வாது முதுகு காட்டிப் படுத்திருக்கிறது.
அலை அதைச் சுற்றி வராது,
கெஞ்சினாலும் வளையாது.
கடன் கொடுத்தவனைப்போல
கண்ணுக்கு நேரே கண் வேண்டும் அதற்கு.

ஆகவே முகட்டுக்கு மேல் நூற்றுப்பத்து மீட்டரில்
ஆறு இறக்கையோடு ஒரு தரகன்.
அங்கே கேட்டதை இங்கே சொல்வான்,
இங்கே கேட்டதை அங்கே.
தன் பங்குக்கு ஒரு சொல் சேர்க்கமாட்டான்.
கமிஷன் மட்டும் பேட்டரியில் பிடித்துக்கொள்வான்.
பத்தொன்பது நிமிடம்.
காற்றடித்தால் பதினாறு.

யுவராணி மெஷினைத் துடைத்து வைத்தாள்.
போன மாதம்வரை அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
ஆனைப்பாறை ஏறுவாள், ஒற்றைக் கோடு சிக்னலுக்கு.
பின்னாலேயே ஊர் ஏறும்.
அரிசி கீழே, விரல் மேலே.
இன்று யாரும் ஏற வேண்டாம் என்றதும்
சடையன் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"தேனீ மாதிரி கத்துதே. கொட்டுமா?"

முதல் விரல் நாலு நொடி. பச்சை.
அடுத்ததும் பச்சை.
ஐந்தாவதில் யாரோ கைதட்டினார்கள்.
பதினொன்று முடிந்து, பன்னிரண்டாவதாக வெள்ளச்சி.

புளி உடைத்த கை, சாமை குத்திய கை.
கட்டைவிரலில் ரேகை என்று இருந்தது
ஒரு பழைய அரிவாள் வெட்டு மட்டும்.
பொருந்தவில்லை என்றது மெஷின்.
தலைமுடியில் தேய்த்து வைத்தாள்.
பொருந்தவில்லை.
முந்தானையில் துடைத்து, ஊதி, வைத்தாள்.
என் திரையில் மைனஸ் எழுபத்தொன்று, இழப்பு சுழியம்.
இப்படி ஓர் இணைப்பை
காட்பாடி மைதானத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"ஓடிபி போடலாம்க்கா" என்றாள் யுவராணி.
பதிந்த எண் மகனுடையது.
மகன் குடகில், காப்பித் தோட்டத்தில்.
பேட்டரி இருபத்தாறு சதம்.

என் போன்தான். முகடு தாண்டி,
தப்ரேஸின் தட்டில் இறங்கி,
அப்புறம் எந்தெந்தக் கம்பிக்குள்ளோ ஓடி
மடிக்கேரிச் சரிவில் ஒரு சட்டைப்பையில் நடுங்கியது.

"எம்மா."
"இன்னாடா, சோறு துன்னியா?"
"நம்பர் வந்துகீதும்மா. சொல்றேன், எழுதிக்கச் சொல்லு."
"இருடா. மழ பேய்தா அங்க?"
"பேய்து. நாலு..."
"அட்ட கடிச்சுதுன்னியே, ஆறிச்சா?"

யுவராணி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.
பதினெட்டு. பதினேழு.
பதினைந்தில் யாரையும் கேட்காமல் திரும்பிவிடும்.
அப்படி எழுதி வைத்தவள் நான்தான்.
பதினாறில் என் விரல் போய் அந்த எண்ணைப்
பத்தாக மாற்றியது.
மாற்றியதற்கு என்னிடம் அனுமதி இல்லை.

"ஆறிடுச்சும்மா. நாலு, ஒம்போது, சைபர், நாலு..."
"உப்பு வெச்சியா? சுண்ணாம்பு வெக்காத, உப்பு..."

அவ்வளவுதான்.
திரையில் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் படுத்தது.
தரகன் தள்ளாடி வந்து
சடையனின் கேழ்வரகில் இறங்கினான்,
கடைக்கு எழுபதடி முன்னால்.
யுவராணியின் உள்ளங்கையில் நாலு எண்.
மீதி இரண்டு குடகில், மழையில்.

அடுத்த பேட்டரியை மாட்டும்போது வெள்ளச்சி பக்கத்தில் வந்தாள்.
புது நம்பர் வரும், அரிசி கிடைக்கும் என்றேன்.
"அது கெடக்குது.
உப்புனு சொன்னது அவன் காதுல வுழுந்துதா?"
எனக்குத் தெரியவில்லை.
எந்தச் சொல் போய்ச் சேர்ந்தது,
எந்தச் சொல் முகட்டிலேயே நின்றது என்பதை
நாங்கள் அளப்பதில்லை. எண்ணுகிறோம், அவ்வளவே.

சாயங்காலம் பதிவேடு:
பறப்பு ஏழு. பயனர் பன்னிரண்டு. வெற்றி பதினொன்று.
தோல்விக்குக் காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.

புரட்டாசி வெயில். ஒரு இலை அசையவில்லை.