இரண்டாம் சனி, ஞாயிறு

லாட்ஜுக்காரர் முதலில் கேட்டது
'பேஷண்ட் யாரு?'
நாற்பது ரூம் வேணும் என்றேன்.
'நாற்பது பேஷண்டா?'
பேரேட்டிலிருந்து நிமிர்ந்தார்.
பின்னால் சுவரில் வங்காளத்தில் ஓர் அறிவிப்பு,
சமைக்கலாம் என்றோ கூடாது என்றோ.
மாடிக் கொடியில் லுங்கிகளுக்கு நடுவே
நனைந்த எக்ஸ்ரே உறை ஒன்று
கிளிப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

பழைய மாணவர்கள், விலங்கியல் துறை,
முப்பதாம் வருஷம் என்றேன்.
'வேலூருக்கு யாரும் சும்மா வர மாட்டாங்க மேடம்.
சரி, தேதி சொல்லுங்க.'

தேதிதான் இன்னும் முடியவில்லை.
மே என்றான் குவைத் இம்தியாஸ்,
பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவாம்.
'மே மாசம் வேலூரா, வறுத்து எடுக்கவா?' என்று
பதினோரு பேர் ஒரே பொம்மையை அனுப்பினார்கள்.
ஜனவரி என்றாள் பெனடிக்டா.
சிவப்பிரகாசத்துக்குத் தேதியில் அபிப்பிராயமில்லை,
பிரியாணி ஆம்பூரா ஆற்காடா என்பதில் மட்டும் உண்டு.
அதற்கே நூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.
கத்திரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்திரிதான்;
அதில் மட்டும் ஒருவருக்கும் மறுப்பில்லை.

எத்திராஜ்
'ஆகஸ்ட், இரண்டாம் சனி ஞாயிறு' என்றான்.
காரணம் சொல்லவில்லை.
மறுபடியும் அதையே சொன்னான்.
பிடிவாதம் பிடிக்கிறவன் இல்லை அவன்.
ஜவ்வாது மலைக்குப் பூச்சி பிடிக்கப் போனபோது
எல்லோரும் ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போட,
டிரைவர் பக்கத்து என்ஜின் சூட்டில்
உட்கார்ந்து வந்தவன்.

'ஜோசியர் யாராவது குறிச்சுக் குடுத்திருப்பாரு'
என்றான் கன்னியப்பன்.
சிரித்தோம். நானும்.

இரவு பத்தரைக்கு தன்பாத்திலிருந்து கூப்பிட்டான்.
திங்கட்கிழமை காலை ஏழுக்கு ரத்தம்,
பிறகு ஸ்கேன்.
ஒன்றரை வருஷமாக வந்து போகிறானாம்,
காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து,
விருதம்பட்டில் என் தெருமுனையைக் கடந்து,
பாலாற்றுப் பாலம் தாண்டி.
'சொல்லியிருந்தா நீ கேரியர் தூக்கிட்டு வந்துடுவே.'
பிறகு கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம்.
'ரெண்டு தடவை டிக்கெட் போட முடியாது கோமளா.
யாருக்கும் சொல்லாதே.
போட்டோவுக்கு நிக்கறப்ப
ஆளாளுக்குத் தோளைத் தொட்டுப் பாப்பாங்க.'

காலையில் குழுவில் எழுதினேன்:
அரங்கம் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மட்டும்தான் கிடைக்குமாம்.
துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

துறைத்தலைவருக்கு இது தெரியாது.
அரங்கம் வருஷம் பூராவும் காலி.
ஏசி ஓடாததால்
வளைகாப்புக்குக்கூட யாரும் கேட்பதில்லை.

இம்தியாஸ் கோபித்துக்கொண்டான்.
தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு அதிகம் என்றது ஒரு குரல்,
கார் இரண்டு வைத்திருப்பவனின் குரல்.
கன்னியப்பன் நிகழ்ச்சி நிரல் அனுப்பினான்.
மௌன அஞ்சலி, ஆறு பேர்,
எத்தனை நிமிஷம் போடட்டும்?
ஒன்று என்றேன்.
தேநீருக்குப் பதினைந்து போட்டிருந்தான்.
பட்டியலை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.
ஆறுதான்.

முன்பணத்தோடு மறுபடி லாட்ஜுக்குப் போனேன்.
எக்ஸ்ரே உறை கொடியில் இல்லை.
முப்பத்தொன்பது அறை, இரண்டு ராத்திரி.
ஒன்று மட்டும் மூன்று.
கீழ்த்தளத்தில் இருந்தால் நல்லது,
ஆஸ்பத்திரி வாசல் பக்கம்.

லாட்ஜுக்காரர் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.
நீலப் பேனாவை மூடி வைத்து
சிவப்பை எடுத்து
அந்த ஒரு வரியில் சின்னதாய் ஏதோ குறித்துக்கொண்டார்.

ரசீதைக் கிழித்துக் கொடுக்கும்போது சொன்னார்:
'சுடுதண்ணி நாலரைக்கே வந்துடும்.
அவருக்குச் சொல்லிடுங்க.'

எவருக்கு என்று
நான் கேட்கவில்லை.