இருப்பிடப் படிவம்

மலாபாவில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது
எது கென்யா, எது உகாண்டா என்று
டீசல் புகைக்குத் தெரிவதில்லை.
அந்த வரிசையோரம் நடக்கிறேன்.
பையில் சோப்புக் கட்டிகள்,
அவற்றுக்கு அடியில் மடித்த ஒரு தாள்.

ஆய்வில் சேரும் அன்று ஒவ்வொருத்தியிடமும் கேட்போம்:
உன் வீட்டுக்கு வழி வரைந்து காட்டு.
ரத்தம் எடுத்த கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு
மறு கையால் வரைவார்கள்.
அசெகென்யே வரைந்தது
ஒரு நீளக் கோடு, தண்டவாளமாம்.
ஒரு அடிபம்பு.
நீலக் கதவு, அதில் பூட்டுகூடப் போட்டிருந்தாள்.
ஓரத்தில், யாரும் கேட்காத ஒரு கோழி.

மூன்று தவணை வரவில்லை.
நான்காவதும் தவறினால் கணினி அவள் பெயரை,
பெயர் எங்கே, நானூற்றுப் பதினேழை,
சிவப்பாக்கி 'தொலைந்தவர்' என்று காட்டும்.
நைரோபியிலிருந்து போன் வரும்:
தொண்ணூற்றைந்து சதவீதம் தங்க வேண்டும், அமோங்கின்,
தொண்ணூற்று மூன்றில் நிற்கிறோம்.
சதவீதத்துக்குக் கால் கிடையாது.
என்னை அனுப்புகிறார்கள்.

ஆய்வு வண்டியில் போகக் கூடாதென்று
முதல் மாதமே தெரிந்துவிட்டது.
வெள்ளை வண்டி நின்ற வாசலில்
மறுவாரம் வேறு யாரோ குடியிருந்தார்கள்.
அன்றிலிருந்து நான் சோப்புக்காரி.
சில நாள் நிஜமாகவே விற்றும் போகிறது.

எங்களைத் திட்ட அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறார்கள்:
எளிதில் சென்றடைய முடியாத மக்கள்.
நானும் இந்த லாரித் திடலில் ஆறு வருடம் இருந்தவள்தான்,
அதற்காகத்தான் எனக்கு இந்த வேலை.
ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டியவன் எவனும்
எங்களை அடைவது சிரமம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

அடிபம்பு இருந்தது.
நீலக் கதவு பச்சையாகியிருந்தது.
உள்ளேயிருந்து வந்தவன் பாலத்துப் பக்கம் மோவாயைக் காட்டினான்.
ஆய்வுக்குக் கிடைத்த அனுமதி
அந்தப் பாலத்தோடு முடிகிறது.
நான் முடியவில்லை.

மரவள்ளி பொரித்துக்கொண்டிருந்தாள்.
நிமிராமலே சொன்னாள்:
வளையத்தைக் கழற்றித்தான் வைத்திருந்தேன்.
தவணைக்கு முந்தின நாள் மாட்டிக்கொள்வேன்.
ஆளுக்குத் தட்டுப்படுகிறது, கேள்வி கேட்கிறான்.
அப்புறம் உங்கள் பரிசோதனைக்கூடம் கண்டுபிடித்துவிட்டது,
மருந்து அப்படியே மிச்சம் இருக்கிறதென்று.
யாரும் திட்டவில்லை என்று நர்ஸ் சொன்னாள்,
திட்டுகிற முகத்தோடு.

எண்ணெய் சீறியது.

பாதிப் பேருக்கு வெறும் வளையமாமே.
அப்படியென்றால் நான் கழற்றினது மருந்தா,
ஒன்றுமே இல்லாததா?

எனக்கும் தெரியாது என்றேன்.
எனக்குத் தெரியக் கூடாது என்பதுதான் விதி.

முதல்முறையாகச் சிரித்தாள்.
பரவாயில்லை, உன்னிடமும் ஏதோ மறைத்திருக்கிறார்கள்.

தாளைக் காட்டினேன்.
தொலைந்தவள் என்றா எழுதுவாய்?
நான் எங்கே இருக்கிறேனென்று எனக்குத் தெரியும்.
தெரியாமல் போனது உங்களுக்கு.

விலகுவதாக இருந்தால் கையெழுத்துப் போடலாம்,
உன் உரிமை, யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.
இதைச் சொல்லத்தான் எனக்குப் பயிற்சி.
சொன்னேன்.
அவள் பேனாவை வாங்கவுமில்லை,
வேண்டாமென்று தள்ளவுமில்லை.
விரலெல்லாம் எண்ணெய்.

கடைசியில் சோப்பு என்ன விலை என்றாள்.
பேரம் பேசினாள், கறாராக.
ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டாள்.
வியாழக்கிழமை சந்தை, வந்தால் வா,
இந்தத் தாள் இல்லாமல்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில்
ஒரு லாரிச் சக்கரத்தில் சாய்ந்து படிவத்தைப் பிரித்தேன்.
கண்டேன். காணவில்லை. இடம் மாறினார். இறந்தார்.
நான்கு கட்டங்கள்.
எதிலும் என் பேனா இறங்கவில்லை.
கீழே 'குறிப்பு' என்றிருந்த இடத்தில் மட்டும்
எழுதினேன்:
கதவு இப்போது பச்சை.