கண் எரியாதவை

பீடோர் பக்கம் நரி கிடையாது.
பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும்
வடையோடு ஓடிப்போனது.
நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள்;
நாங்கள் விழிப்பது
பன்றி உழுதுபோட்ட மறுநடவில்.

ஒரு வயதுச் செம்பனைக் கன்றைப்
பன்றி தின்னும் விதம் இருக்கிறதே,
ஓலையைத் தொடாது.
குருத்தை மட்டும் உருவி மென்றுவிட்டு
மீதியை நமக்கே விட்டுப்போகும்.
பதினாறாம் நம்பர் காட்டில்
ஒரே வாரத்தில் நூற்றுப்பன்னிரண்டு கன்று.

அதனால் நான் லைட்டுக்காரி.
கார் பேட்டரி முதுகில், விளக்கு கையில்,
துப்பாக்கி பூன் ஹோக்கிடம்.
ஹார்டுவேர் கடையை ஏழு மணிக்குச் சாத்திவிட்டு
லைசன்ஸைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்து வருவார்.
என்னிடம் தோட்டத் தமிழ்,
பன்றியிடம் மட்டும் கண்டனிஸ்.

ஒரு வால் நாற்பது வெள்ளி.
அவருக்கு முப்பது, எனக்குப் பத்து.
உடம்பு விடியுமுன் டவுனுக்குப் போய்விடும்,
பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடைக்கு.
சின்னத்துரை ஹஃபிஸ் வாலைத் தொடமாட்டார்;
பைக்குள் இருப்பதை நான் எண்ணிச் சொல்ல
தள்ளி நின்று எழுதிக்கொள்வார்.
ஒருநாளும் “நிச்சயமா?” என்று கேட்டதில்லை.

விளக்கைப் பிடிக்க யாராலும் முடியும்.
அதில் தெரிவதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
பச்சையாய் இரண்டு, மரத்தில் ஏறினால் மூசாங்.
சிவப்பாய் ஒன்று, பாதை நடுவில்
அசையாமல் உட்கார்ந்திருந்தால் பக்கிக் குருவி.
தரையோடு தரையாய் வைரப்பொடி, அது சிலந்தி.
பன்றிக்கு மட்டும் கண் எரியாது.
இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருட்டு,
அது நகர்ந்தால் பன்றி.

அன்றைக்கு நகர்ந்தது.
பழைய காட்டு ஓரம், கான் தாண்டி,
குனிந்த முதுகு ஒன்று.
உறுமல் இல்லை.
டொக், டொக் என்று
கோணிக்குள் உதிரிப்பழம் விழும் சத்தம்.
என் காதோரம் பூன் ஹோக்கின் மூச்சு நின்றது.
அவர் அப்படித்தான்,
சுடுமுன் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வார்.

மனிதருக்கும் கண் எரியாது.
ஆறு வருஷமாய் விளக்குப் பிடிக்கிறேன்,
அதை யோசித்ததே இல்லை.

முதுகு நிமிருமுன்பே தெரிந்துவிட்டது,
அந்த இடதுகால் இழுப்பு.
லோகாம்பாள்.
என்னிடம் போட்ட கூட்டில்
முதல் மாதமே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு
மூன்று மாதமாய்க் கட்டாதவள்,
ஞாயிற்றுச் சந்தையில் என்னைக் கண்டால்
மீன்கடைப் பக்கம் திரும்பிவிடுகிறவள்.

விரல் சுவிட்சை அமுக்கிவிட்டது.
“என்ன, குணா?”
“பேட்டரி.”
“பன்றிதானே?”
“போயிருச்சு.”

இருட்டில் கொஞ்ச நேரம் கழித்துத்தான்
அவர் மூச்சை விட்டார்.
தோட்டாவைக் கழற்றும் சத்தம் கேட்டது.
காலையில் கடைக்கு வா,
பேட்டரிக்குப் புது வயர் தருகிறேன் என்றார்,
காசு வேண்டாம்.
அந்த வயர் இன்னும்
பாக்கெட் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

அன்றைக்கு வால் இல்லை.

வெள்ளிக்கிழமை லோகாம்பாள் வந்தாள்.
மூன்று மாதக் காசு, ரப்பர் பேண்டு போட்டு.
நோட்டெல்லாம் பிசுக்கு;
செம்பனைப் பிசுக்கு சவர்க்காரத்துக்கும் போகாது.
இரண்டு தடவை எண்ணினேன்.
அவள் கட்டைவிரலில் முள் ஒடிந்து நின்ற இடம்
சீழ் கட்டியிருந்தது.
தேநீர் வேண்டாம் என்றாள், பிறகு குடித்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது,
சும்மா கேட்பதுபோல் கேட்டாள்:
“இந்த வாரம் எந்தப் பக்கம் லைட்டு அடிக்கிறீங்க?”

“பதினாறு,” என்றேன்.
“பதினாறுலயேதான்.
வியாழன் வரைக்கும்.”