வெளிப்பக்கம் திறக்கும் கதவு

சைக் மேட்டில் ஜனவரி.
மாலை ஐந்துக்கே பல் கிட்டுகிறது.
ஹமூத் தன் பிக்கப்பின் பின்னால் கட்டி இழுத்து வந்தது
சக்கரம் வைத்த ஒரு மரப் பீப்பாய்,
தலையில் தகரப் புகைபோக்கி.
மூன்று மணி நேரத்துக்கு இருபத்தைந்து ரியால்.

"வேர்க்கறதுக்குக் காசா?" என்றாள் பெர்பெத்துவா.
"ஜூலையில நிஸ்வா பஸ் ஸ்டாப்புல நின்னா இலவசம்."

ஹமூத் சிரிக்கவில்லை.
எங்களுக்காகச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிட்டு
சொல்ல வேண்டியதைச் சொன்னார்:
காய்ந்த கட்டை மட்டும், பெயின்ட் அடித்த பலகை ஆகாது.
புகைபோக்கியின் தகடு திறந்திருக்கிறதா, முதலில் அதைப் பார்.
கல்லுக்கு ஓர் அகப்பை நீர் போதும்,
வாளியோடு கவிழ்த்தால் ஆவி முகத்தைத் தேடி வரும்.
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
தோளால் முட்டினால் வெளிப்பக்கம் திறக்கும்.
இரண்டு முறை முட்டிக் காட்டினார்.
மூன்றாவது முறை என்னை முட்டச் சொன்னார்.

பிறகு, உலோகம் எதுவும் உடம்பில் வேண்டாம், சுடும் என்று
மாதுளை மரங்களைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு
இறங்கிப் போனார்.

பெர்பெத்துவா மோதிரத்தைச் சாக்ஸுக்குள் போட்டாள்.
ஷாஜிதா கருகமணியைக் கைக்குட்டையில் முடிந்தாள்.
நான் நின்றேன்.
பதினோரு வருஷம்.
சிசேரியன் மேஜையில்கூட பிளாஸ்திரி ஒட்டி மூடினார்கள்,
கழற்றவில்லை.
பஜேரோவின் டேஷ்போர்டில்
பெட்ரோல் ரசீதுகளுக்கு மேல் அதை வைத்துவிட்டு
அவருக்குப் போன் போட்டேன்.
நன்றாகத்தான் இருந்தார்.
தோசை மாவு எங்கே என்று கேட்டார்.

உள்ளே எழுபத்தெட்டு டிகிரி.
துண்டு விரித்து உட்கார்ந்தோம்.
மேல் பலகையில் நானும் பெர்பெத்துவாவும்,
பிரஷர் மாத்திரை போடும் ஷாஜிதா கீழ்ப் பலகையில்,
ஐந்தே நிமிஷம், மெதுவாக எழ வேண்டும்
என்று சட்டம் போட்டவளும் அவளே.
படக்கென்று எழுந்தாள்.
பீப்பாய் ஒரு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும்.
பெர்பெத்துவா முழங்கையைப் பிடித்தாள், நான் கதவை முட்டினேன்.
வெளியே, கால் நீட்டி, உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு.
"ஆஃப் டூட்டியில நானே பேஷண்ட்" என்றாள்.
அப்புறம் போனில் மணி பார்ப்பது,
பத்து நிமிஷத்துக்கொரு தரம் தார்ப்பாயைத் தட்டுவது
அவள் வேலை.

உள்ளே இருந்தபடி நான் என் முன்கையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.
ஈரம். நல்லது.
போன ஜூலை நான்காம் படுக்கைக்கு வந்தவன்
கையைத் தொட்டால் அப்பளம்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
அக்குளில் ஐஸ் வைத்தபோது
பரமக்குடிப் பேச்சில் கேட்டான்,
ஷிஃப்ட் முடிஞ்சிருச்சாக்கா.
பிழைத்தான்.
வேர்ப்பதை யாரும் வசை சொல்லக் கூடாது
என்று அன்றைக்குத் தோன்றியது,
இன்றைக்கும்.

அகப்பை நீர் கல்லில் விழுந்து சீறுகிறது.
பெர்பெத்துவா எதையோ சொல்ல வந்து
ஆ என்று மட்டும் சொல்கிறாள்.
பத்து வருஷமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த நைட் ஷிஃப்ட்
ஒவ்வொரு முடிச்சாக அவிழ்கிறது.
யாரும் மணி அடிக்கவில்லை.
யாரும் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை.

தட்டல் கேட்டதும் வெளியே வருகிறோம்.
மூன்று டிகிரிக் காற்று.
மூடி திறந்த இட்லிக் கொப்பரை மாதிரி
எங்கள் தோளிலிருந்து ஆவி எழுந்து போகிறது.
ஒரு வாளித் தண்ணீர், கால்களில் ஆரம்பித்து.
நிறையக் குடி, உட்கார், இன்னொரு சுற்றுக்கு அவசரமில்லை.
எதிர் மலையில் ஒரு வண்டியின் விளக்கு
வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே இருந்தது.
அது அடிவாரம் சேரும்வரை பார்த்தோம்.

எட்டு மணிக்கு ஹமூத் வந்து அடுப்பை எட்டிப் பார்த்தார்.
சாம்பலைக் காலைவரை தொடாதீர்கள் என்றார்,
அது தூங்குகிற மாதிரி நடிக்கும்.

காரில், ரசீதுகளுக்கு மேல், தாலி
பனிக்கட்டியாகக் கிடந்தது.
கழுத்தில் போட்டதும் சுரீரென்றது.
"சுடுதா?" என்றாள் ஷாஜிதா.
ஆமாம் என்றேன்.