சொன்னதை மட்டும்

மின்வெட்டு வந்தால்
லெனேஷியா முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும்.
பாதி வெந்த பருப்பைப் பார்த்து அம்மா திட்டுவாள்.
நான் அப்போதுதான் மூச்சே விடுவேன்.
ஃபிரிட்ஜ் வாயை மூடும்,
டியூப்லைட் தன் ஓயாத ரீங்காரத்தை நிறுத்தும்,
இரண்டு மணி நேரம்
என் மண்டைக்குள் நான் மட்டும் குடியிருப்பேன்.
மெழுகுவர்த்தியை மட்டும் என்னை ஏற்றச் சொல்லாதீர்கள்.
மூன்று குச்சி ஒடியும். நான்காவது விரலைச் சுடும்.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று
ஊர் அங்கலாய்க்கிறது.
எனக்குத் தலைகீழ்.
எல்லாம் வாய்வரை வந்துவிடும்,
கைக்குத்தான் எட்டாது.

ஏழு வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு.
ணகரத்துக்கு எத்தனை சுழி என்று கேட்டால் சொல்வேன்.
போடச் சொன்னால்
சுழன்று சுழன்று போய்
பக்கத்துப் பையன் நோட்டில் முடியும்.
பதினொன்றில் நெட்பால்.
பந்து வருவது தெரியும், என்ன வேகம் என்றுகூடத் தெரியும்.
கைகளுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள்
பந்து மூக்கில் பட்டுத் திரும்பியிருக்கும்.

பதிமூன்றில் ஒரு டாக்டர்
இரண்டு சொற்களைத் தாளில் அடித்துக் கொடுத்தார்:
ஆட்டிசம். டிஸ்ப்ராக்சியா.
அப்பா காரில் உட்கார்ந்து
இரண்டாவதை மூன்று முறை வாசித்தார்,
மூன்று முறையும் வேறு வேறு மாதிரி.
பிறகு குனிந்து என் ஷூ நாடாவைக் கட்டிவிட்டார்.
அன்றைக்கு மட்டும்
"இன்னுமா?" என்று கேட்கவில்லை.

மெட்ரிக் தேர்வுக்குத் தனி அறை,
மணிக்குப் பதினைந்து நிமிடம் கூடுதல்,
எழுதித்தர மிஸ் மொக்வேனா. முன்பின் பார்த்திராதவர்.
முதலில் விதியை வாசித்தார்:
நீ சொன்னதை மட்டும் எழுதுவேன்.
திருத்த மாட்டேன். தலையாட்டக்கூட மாட்டேன்.
எனக்கு அழுகை வந்துவிட்டது.
சொன்னதை விட்டுச் சொல்லாததையே
கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர்கள் நடுவே வளர்ந்தவள் நான்.
இப்படி ஒரு விதி உலகத்தில் இருக்கிறதா?

உயிரியல் தாள். சிறுநீரகத்தின் வெட்டுமுகம், படம் வரைக.
கோடு கோடாக நான் சொல்ல வேண்டும்.
"மொச்சை விதை மாதிரி ஒரு வடிவம். ஏழு சென்டிமீட்டர் உயரம்.
குழிந்த பக்கம்... வலது எது என்று எனக்கு நிச்சயமில்லை,
ஜன்னல் இருக்கும் பக்கம்.
ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே இன்னொரு கோடு.
நிறுத்துங்கள்.
அதற்குள் கூம்புகள், முனையெல்லாம் குழியைப் பார்த்து."
பென்சில் போயிற்று. நில் என்றால் நின்றது.
திரும்பு என்றால் திரும்பிற்று.

வெளியே தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை.
வேறு நாளாக இருந்தால் மேசைக்கடியில் இருந்திருப்பேன்.
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நகம் ஒட்ட வெட்டிய, சுண்டுவிரலோரம் மை கசிந்த கை.
பதினெட்டு வருடத்தில்
என் பேச்சைக் கேட்ட முதல் கை.

கூம்புகள் எட்டு வேண்டும் என்று நினைத்திருந்தேன்.
ஏழுதான் வந்தன. எண்ணிக்கையை விட்டது நான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
விதி அப்படி.

மழை விட்டதும் டாக்சிக்குக் கை நீட்டினேன்.
விரல் மேலே என்றால் ஜோஹானஸ்பர்க், கீழே என்றால் உள்ளூர்.
என் விரல் வழக்கம்போல
எந்த ஊருக்கும் இல்லாத திசையைக் காட்டிற்று.
அப்படியும் ஒரு வண்டி நின்றது.
"எங்கே?" என்றார் ஓட்டுநர்.
"எக்ஸ்டென்ஷன் ஒன்பது, மசூதி தாண்டி இரண்டாவது திருப்பம்."
நாடா அவிழ்ந்த காலோடு ஏறினேன்.
கடைசி வரிசையிலிருந்து என் காசு
பத்துக் கைகள் மாறி முன்னால் போயிற்று,
ஒரு நாணயம்கூடச் சிந்தாமல்.
மீதிச் சில்லறை
அதே கைகள் வழியே என்னிடம் வந்தபோதுதான்
இரண்டு விழுந்தன.